கொடியில் போடாத துவாய்

என் பேத்திக்கு என்னை நன்றாகத் தெரியும் என்று நம்பினேன். அதை வாய்விட்டுச் சொன்னதோடு, நம்பி விமானமும் ஏறினேன். நான் கட்டாரில் ஒரு பெரிய கட்டடத்தின் வாசல் கூண்டில் காவலாளி. வெளியே வெயில் ஆளைக் கருக்குகிறது; கூண்டுக்குள் ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹந்தானை மலைப் பனியில் பிறந்து வளர்ந்தபோது எனக்கு ஸ்வெட்டர் கிடையாது. பாலைவனத்துக்கு வந்துதான் போட்டுக்கொண்டேன். பகல் இரண்டரைக்கு எனக்கு இடைவேளை. அப்போது கண்டியில் ஐந்து மணி. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு மனைவி செல்வமணி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பேத்தியை மடியில் வைத்து வீடியோ கோல் எடுப்பாள். என் முகம் தெரிந்ததும் குழந்தை பொக்கைவாய் திறந்து சிரிக்கும். பக்கத்துக் கூண்டு நேபாளிகூட சாட்சி. இதற்குமேல் ஒரு தாத்தனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

லீவு கேட்கப் போனபோது எகிப்துக்கார மேலாளரிடம் பேத்தியின் படத்தைக் காட்டினேன். "நியூ பேபி?" என்றார். "யெஸ் சார்." என் நரைத்த மீசையை ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். "மாஷா அல்லாஹ்! யூ ஸ்ட்ராங் மேன்!" பேத்தி என்று விளக்கியிருக்கலாம். விளக்கினால் லீவு குறைந்துவிடுமோ என்று பயந்து, ஸ்ட்ராங் மேனாகவே நாற்பது நாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாற்பது நாள் விளையாட்டுக்கு இல்லை. மகள் தர்ஷினிக்குப் பல்லேகலயில் தையல் வேலை. பிரசவ லீவும் அதற்குமேல் கெஞ்சி வாங்கிய லீவும் முடிந்துவிட்டன. மருமகன் கொழும்பில். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா கூரை மாற்றப் பூட்டிக் கிடந்தது; திறக்க ஒரு மாதம் ஆகுமாம். செல்வமணி அரைநாள் அரைநாளாக மலையை விட்டு இறங்கி ஓடிவந்து பார்த்ததில் கங்காணிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மாசம் இன்னும் மூணு அரைநாள், அவ்வளவுதான். நாலாவது ஆச்சுன்னா பேர வெட்டிருவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேர்ப் பட்டியலில் மிச்சமிருப்பது அவள் பேர் ஒன்றுதான். அந்தப் பேரில்தான் லயக் காம்பராவும் நிற்கிறது. ஆகவே நான் போனில் மார்தட்டினேன்: "கவலப்படாத புள்ள, நான் வந்து பாத்துக்கிறேன். பாப்பாவுக்குத்தான் என்னத் தெரியுமே!"

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினேன். பேத்தி என்னைப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு கீழே கண்டி டவுன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறினாள். பக்கத்துக் காம்பரா மாரியம்மாக்கா எட்டிப் பார்த்து, "யாருங்க, சீட்டுக் காசு வசூலிக்க வந்தவரா?" என்றார். நான் யாரென்று தெரிந்தேதான் கேட்டார்.

என் மூளை வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். முதலில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு விமானத்தில் என்னோடு ஏதோ காற்றுக் கருப்பு வந்துவிட்டது என்றேன். சனிக்கிழமை உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன்: போனில் நான் எப்போதும் காவல் தொப்பியோடு இருப்பேன், இங்கே வழுக்கை! தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அலறல் கூடியது. ஞாயிற்றுக்கிழமை கடைசி யோசனை. சமையல் காம்பராவுக்குள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து முன் காம்பராவிலிருந்த செல்வமணிக்கு வீடியோ கோல் எடுத்தேன். குழந்தை சிரித்தது! நடுவில் ஒரு சுவர். செல்வமணி போனை இறக்கிவிட்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, இதுக்குத்தான் பிளேன் ஏறி வந்தீங்களா?"

திங்கள் காலை மகள் பஸ்ஸுக்குப் போனபின், செல்வமணி கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி சிவப்புத் துவாய் ஒன்றை என் தோளில் போட்டாள். "நாங்க எதிர் மலையிலதான் நிப்போம். முடியவே முடியலேன்னா இத வாசல் கொடியில போடுங்க. எறங்கி வந்துர்றேன்." அப்புறம் மெதுவாக, "மூணு தடவதாங்க" என்றாள்.

திங்கள் எட்டரைக்குத் துவாய் கொடியில் ஏறியது. எட்டரை! ஒரு கட்டடத்தையே காவல் காக்கிறவன். அவள் இறங்கி வந்தாள். செவ்வாய் பத்து மணி. புதன் பதினொன்றேமுக்கால், முன்னேற்றம் என்று பகிடி விட்டேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, "முடிஞ்சிருச்சுங்க, மூணும்" என்றாள். என் பகிடிக்கு முப்பது வருஷமாகச் சிரித்தவள் அன்று சிரிக்கவில்லை.

வியாழன் ஒன்பது மணிக்கே பேத்தி தொடங்கிவிட்டாள். புட்டிப்பாலைத் தட்டிவிட்டாள். பாட்டுப் பாடினேன், தகரத்தைத் தட்டினேன், பூனையாகக் கத்தினேன். அழுது இருமி அவள் முகம் கறுத்துப்போனது. மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, துவாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிர் மலையில் பெண்கள் குனிந்து நின்றார்கள். ஒரு உருவம் மட்டும் நிமிர்ந்து லயத்தைப் பார்த்தது. முகம் தெரியாத தூரம்தான், செல்வமணி என்று எனக்குத் தெரிந்தது. துவாயைக் கொடிவரை தூக்கினேன். போட்டால் குழந்தைக்குப் பாட்டி வந்துவிடுவாள். பேர் போய்விடும். இருபத்தொன்பது வருஷம் அந்த மலையில் நின்று அவள் வைத்திருந்த பேர்.

கையைக் கீழே போட்டேன். படியில் உட்கார்ந்து, அலறுகிற பிள்ளையைத் தொடையில் வைத்துக்கொண்டு, துவாயால் முகத்தை மூடி அழுதேன். மாரியம்மாக்கா பார்த்துவிடக் கூடாது என்றுதான் மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகிற சத்தம் ஒன்றாகக் குறைந்தது. என்னுடையது மட்டும் கேட்டது. துவாயின் நுனியை யாரோ இழுத்தார்கள். விட்டேன். என் முகம் வெளியே வந்தது. பேத்தி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஈரமாயிருந்த என் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு துவாயை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதிர் மலையில் அந்த உருவம் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பக் குனிந்தது.

அதற்குப் பிறகு துவாய் கொடிக்குப் போகவில்லை. பிள்ளைக் காம்பரா திறந்தது. செல்வமணியின் பேர் இருக்கிறது, காம்பரா இருக்கிறது. நான் ஸ்வெட்டருக்குள் திரும்பிவிட்டேன். மேலாளர் "பேபி குட்?" என்று கேட்கிறார். குட் சார்.

இரண்டரைக்குக் கோல் வருகிறது. பேத்தி இப்போது திரையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பாட்டியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பார்க்கிறாள். அங்கே நான் இல்லை. அழுகிறாள்.