கோழி ஏறாத அடுப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன், "என்ன பெருமை வேண்டிக் கிடக்கு" என்று வைத்துவிடுவேன். நான் படித்தது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். கம்பெனி நடத்துவதைப் பற்றி எழுத எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போன மாதம் கோயில் மாதர் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், "பெரிய கேட்டரிங் கம்பெனி வந்தும் நீங்க எப்படிக்கா நிக்கிறீங்க?" நான் சொல்ல ஆரம்பித்தேன், நடுவில் பூசை மணி அடித்துவிட்டது. பாதியில் நின்ற பேச்சு தப்பாகப் பரவும். அதனால் எழுதுகிறேன்.

மாசாயில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கம் கூரை இறக்கி அடுப்படி போட்டிருக்கிறோம். அங்கே சமைத்துத்தான் பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு கட்டினோம். சைவம் மட்டும். சாமி மேடை அடுப்படியை ஒட்டியே இருக்கிறது. அம்மனுக்கு விளக்கேற்றும் இடத்தில் கவிச்சி ஏறக்கூடாது என்று முதல் நாளே வைத்துக்கொண்டோம். வேன் ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவர் கோழி சாப்பிடுகிறவர்தான். வழியில் கடையில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். "சாமிக்குத் தெரியாதா?" என்று கேட்டால், "தெரியும். அந்த மரியாதைக்குத்தான் வெளிய சாப்பிடுறேன்" என்பார்.

ஓர் ஆவணி மாதம், தொழிற்சாலையில் சாப்பாட்டு விஷயம் பார்க்கும் தமிழ்ப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, பெரிய கேட்டரிங் கம்பெனி ஒண்ணு வருது. கோழி, மீன், மீ நூடுல்ஸ் எல்லாம் போன்லயே ஆர்டர் பண்ணலாம். மேனேஜ்மென்ட் ஒரே ஆள்கிட்ட மொத்தமா கொடுத்துடலாம்னு நினைக்குது. தீபாவளி வரைக்கும் ரெண்டு பேரும் போடட்டும்னு நான் கேட்டு வாங்கியிருக்கேன். நீங்களும் கோழி போட்டுப் பாருங்களேன்."

எங்களுக்கு இருந்தது அந்த ஒரு தொழிற்சாலைதான். அது போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். என்னோடு காய் அரிகிற, சோறு வடிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் வந்திருந்தாள். வீட்டுக்காரர் அதற்குள் திட்டம் போட்டுவிட்டார்.

"வெளிய ஒரு தனி அடுப்பு. ஒரு கோழிக் கறி, ஒரு மீன் பொரியல். அவன் செய்யறத நாமளும் செய்வோம் லா."

"அவங்ககிட்ட குளிர்பெட்டி வச்ச லோரி இருக்குப்பா. உங்க வேன்ல ஏர்கோனே வேலை செய்யல. அவங்க ஆட்டத்த அவங்களோடயே ஆடப் போறீங்களா?"

"அப்ப கைய கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

"இல்லப்பா. அவங்க செய்யணும்னு நினைச்சாலும் செய்ய முடியாதது நம்மகிட்ட என்ன இருக்கு? அத யோசிங்க. எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் இதப் பேசறதுக்குன்னே ஹோட்டல்ல ரூம் எடுப்பாங்க."

"பேசி என்ன முடிவு பண்ணுவாங்க?"

"பாதி நேரம் தே தாரேக் டீ குடிப்பாங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து போய் விளக்கேற்றினேன். எதையும் கேட்டு வேண்டிக்கொள்ளவில்லை. திரியைத் தூண்டிவிட்டுச் சும்மா நின்றேன். அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். இந்த அடுப்பில் இதுவரை கவிச்சி ஏறியதில்லை. கோழி வெட்டும் கத்தியும் மீன் பொரித்த சட்டியும் உள்ள சமையல்கூடம் இந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் இன்னொரு சமையல்கூடம் கட்டி, தனிச் சட்டி, தனி ஆள் வைக்க வேண்டும். கொஞ்சப் பேர் சாப்பிடும் சாப்பாட்டுக்காக அவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

கூடவே தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சீனத்து அம்மாள் ஞாபகம் வந்தது. சீன மாதத்து முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் இருப்பவள். ஒருநாள் வேன் பக்கம் வந்து என் வீட்டுக்காரரிடம், "பூண்டு போட்டிருக்கா?" என்று மலாயில் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றதும் வாங்காமல் போய்விட்டாளாம். அவர்கள் விரதத்துக்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது.

திரும்பி வந்து சொன்னேன். "கோழி வேணாம். விரத நாள்ல வெங்காயமும் பூண்டும்கூட வேணாம்."

"கூட்டச் சொன்னா குறைக்கிறியே" என்றார் வீட்டுக்காரர். "வெங்காயம் இல்லாத சாம்பார நான் சாப்பிட மாட்டேன்."

"நீங்க என்னைக்கி வீட்ல சாப்பிட்டீங்க?" என்றாள் மகள்.

ஒன்றை வேண்டாம் என்றதும் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. முட்டை உள்ளே வருவதில்லை. வேலைக்கு வரும் பெண்கள் தங்கள் சாப்பாட்டில் கருவாடு கொண்டு வருவதில்லை. இஞ்சி, சீரகம், மிளகு மூன்றையும் வைத்து ருசி பழகினோம். வீட்டுக்காரர் சந்தையிலிருந்து கூட்டாளிக்கு வேனில் மீன் ஏற்றிப் போவார். அதையும் நிறுத்தச் சொன்னேன். அவருக்கு ரொம்ப வலித்தது அதுதான். ஆனாலும் நிறுத்தினார்.

அந்தக் கம்பெனியின் கோழி வந்த வாரம் எங்கள் பொட்டலங்களில் பாதி திரும்பி வந்தது. நான் மாற்றவில்லை.

புரட்டாசி பிறந்தது. விரதக்காரர்களுக்காக அந்தக் கம்பெனியும் சைவம் என்று எழுதி ஒரு தட்டு வைத்தது. அதில் கங்கோங் கீரைப் பிரட்டல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி ஒருவர், வருஷா வருஷம் காவடி எடுப்பவர், ஒரு வாய் வைத்ததுமே எழுந்துவிட்டார். கீரையை பெலாச்சான் போட்டுப் பிரட்டியிருக்கிறார்கள். கூனி இறாலை அரைத்துக் காயவைத்ததுதானே பெலாச்சான். சமையல்காரரைக் கேட்டதற்கு, "கீரைதானே, இறைச்சி எங்க இருக்கு?" என்று திகைத்துப் போனாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் கீரை என்றாலே பெலாச்சானோடுதான் சட்டிக்குப் போகும். கை தானாகப் போட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து விரதக்காரர்கள் எல்லாரும் எங்கள் வேனுக்கு வந்தார்கள். சீனத்து அம்மாள் தன் கூட்டாளிகளை அழைத்து வந்தாள். தீபாவளிக்கு முன்னால் அந்தத் தமிழ்ப் பெண் மறுபடி போன் செய்தாள்.

"அக்கா, அந்த பெலாச்சான் விஷயம் மேனேஜ்மென்ட் காதுக்குப் போயிருக்கு. நீங்க சரின்னா மொத்தமும் உங்களுக்கே தரலாம்னு பேச்சு வருது. கோழிக்கு மட்டும் எங்கயாவது தனி ஏற்பாடு பண்ணிக்குங்க."

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. கோழிய அவங்க நல்லாவே செய்யறாங்க. சைவத்த மட்டும் எங்ககிட்ட விடுங்க" என்றேன்.

அப்படியே ஆனது. பிறகு அந்தக் கம்பெனி மேனேஜரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் சாப்பாடு போடும் மற்ற தொழிற்சாலைகளுக்கும் எங்களிடமே சைவம் வாங்கிக்கொள்கிறோம் என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்: பெட்டியை எங்கள் அடுப்படியில் மூடி ஒட்டிவிடுவோம், சாப்பிடுகிறவர் கைதான் அதைத் திறக்க வேண்டும். ஒத்துக்கொண்டார். வீட்டுக்காரர் உள்ளே வந்து என் காதோடு, "போட்டிக்காரன் வாசல்ல செருப்பக் கழட்டிட்டு நிக்கிறான், தண்ணி கொடு" என்றார்.

அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் கடை வைத்திருக்கிற நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மன் கனவில் வந்து வழி சொன்னாள் என்று சேர்க்காதீர்கள். விளக்கு எரிந்தது, நான் நின்றேன், அவ்வளவுதான். பெரிய கம்பெனியைத் தோற்கடித்தோம் என்றும் சொல்லாதீர்கள். அவர்கள் லோரி இன்று காலையும் எங்கள் வாசலில் நின்று பெட்டி ஏற்றிக்கொண்டு போனது. வெங்காயம் இல்லாத சாம்பாரை வீட்டுக்காரர் இப்போது விரும்பிச் சாப்பிடுகிறார் என்றும் சொல்லிவிடாதீர்கள். இன்னும் தொடுவதில்லை.