அந்த ‘டெம்பரரி’ யாருக்கு?

மைசூரில் ஆபீஸ் நோட்டீஸை யாரும் நின்று படிப்பதில்லை. நம் திருச்சியில் பலகையில் ஒரு காகிதம் ஏறினால் போதும், முண்டியடித்துக்கொண்டு படிப்போம். இங்கே பியூனிடம் “ஏனு சமாச்சாரா?” என்று விசாரித்துவிட்டுக் காபிக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கும் பலகை முன்னால் நான் ஒருவன்தான் நின்றேன். அதை டைப் அடித்தவனும் நானே. அடிக்கும்போது அர்த்தம் மண்டையில் ஏறாது, எங்கள் தொழில் அப்படி. விரல் ஓடும், மனசு வீட்டில் இருக்கும். ஒட்டிய பிறகுதான் நின்று படித்தேன்.

‘டெம்பரரி கிளார்க்ஸ் அண்ட் டைப்பிஸ்ட்ஸ்’ அடுத்த மாதம் முதல் வேண்டாமாம். அந்த ‘டெம்பரரி’ கிளார்க்கோடு நின்றுவிடுகிறதா, இல்லை டைப்பிஸ்ட் வரைக்கும் நீள்கிறதா? நீண்டால் நான் பிழைத்தேன், ஏனென்றால் நான் நிரந்தர டைப்பிஸ்ட். நின்றுவிட்டால் டைப்பிஸ்ட் என்று பேர் வைத்த எல்லோரும் வெளியே. தமிழில் சொல்லிப் பார்த்தேன்: தற்காலிக குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும். அதே குழப்பம்! சுதந்திரம் வந்த பிறகு ஆபீஸில் கன்னடம் பெருகி, என் இங்கிலீஷ் மிஷினுக்கு வேலை குறைந்துகொண்டிருந்த சமயம் அது. வீட்டில் கமலாவுக்கு ஏழாம் மாதம். அவளிடம் சொல்லவும் பயம். மானேஜரிடமே கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்கப் போய், ‘அட, இவனை மறந்துவிட்டோமே’ என்று அவருக்குத் தோன்றிவிட்டால்?

மறுநாள் மானேஜரே கூப்பிட்டார். “கூத்கொள்ளி” என்று நாற்காலியைக் காட்டினார். பியூனிடம் காபி சொன்னார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. திருச்சி ஆபீசில் எங்கள் துரை யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். வீட்டுக்கு அனுப்பப்போகிறவனை மட்டும் உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்புறம் விஷயத்துக்கு வருவார். அந்த அறையிலிருந்து காபி வாசனை வந்தாலே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இங்கே டம்ளர் வந்ததும் அதைத் தள்ளி வைத்தேன். அவர் வாய் திறக்குமுன் நானே இங்கிலீஷில் கொட்டிவிட்டேன்: “என் மனைவிக்குப் பிரசவம் ஆகட்டும் சார், அப்புறம் போய்விடுகிறேன்.”

அவர் முகம் வாடியது. “சொந்த ஊருக்கே போகிறீர்களா? சரி, நான் தடுக்க மாட்டேன். வேறு ஆள் பார்க்கிறேன்.”

“யெஸ் சார்” என்றேன். என் வேலையை நானே தூக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் மாதப்பன் நின்றிருந்தார். தமிழும் கன்னடமும் பேசுகிற கொள்ளேகால்காரர், டெம்பரரி கிளார்க். நோட்டீஸில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, அவர் போயாக வேண்டும்.

“ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?”

சொன்னேன்.

“காப்பிக்கா பயந்தீங்க? அட, உள்ள போற எல்லாத்துக்கும் அவரு குடுக்கறதுதானுங்க அது. வாங்க எங்கூட.”

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். கன்னடத்தில் மளமளவென்று பேசினார். எனக்கு என் பெயர் மட்டும்தான் விளங்கியது. மானேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஒரு நீளமான கடிதம் டைப் அடிக்கவே கூப்பிட்டாராம். “அந்த டெம்பரரி கிளார்க், டைப்பிஸ்ட் இரண்டுக்கும்தான். நீங்கள் நிரந்தரமாயிற்றே, போய் வேலையைப் பாருங்கள்” என்றார். மாதப்பனும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மாதக் கடைசியில் அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொள்ளேகால் பஸ் போகிற திசையில்தான் நம் ஊர்களெல்லாம் இருக்கின்றன. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட கண்டக்டர், நானும் ஏறப்போகிறேன் என்று நினைத்து எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“ஹத்தி சார், ஹத்தி.”

என் கால் ஓர் அடி முன்னால் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது.

“நானு இல்லே இர்தீனி” என்றேன், நான் இங்கேயே இருக்கிறேன் என்று. என் வாயில் முழுசாக வந்த முதல் கன்னடம் அது. மாதப்பன் ஜன்னல் வழியாகக் கையசைத்தார். பஸ் நகர்ந்தது. ஊர்ப்பக்கம் முன்னால் வைத்த காலை நான் பின்னால் எடுக்கவில்லை.