என் மருமகன் நாயாற்றில் வலை இழுத்த வரலாறு

உலக வரலாற்றில் மூன்று மாபெரும் பயணங்கள் உண்டு. முதல் இரண்டும் எனக்கு மறந்துபோயின. மூன்றாவது, போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை நானும் என் மருமகன் நிரோஜனும் நாயாற்றுக்குக் கரைவலை பார்க்கப் போனது.

நிரோஜன் என் அக்காவின் மகன். உடையார்கட்டில் வீடு, வயது இருபத்துமூன்று. இரத்தத்தை உறையவைக்கிற சத்தொன்று பிறவியிலேயே அவன் உடம்பில் ஊறாது. ஓடினாலோ பாரம் தூக்கினாலோ முழங்காலுக்கும் முழங்கைக்கும் உள்ளே இரத்தம் கசிந்து, மூட்டு பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிடும். பிறகு ஊசி, ஆஸ்பத்திரி, கிழமைக்கணக்கில் படுக்கை. அக்கா மேசை, கதிரை, அலுமாரி மூலைகளுக்கெல்லாம் பழஞ்சேலை சுற்றி வைத்திருந்தா. அந்த வீட்டில் மனிதரைவிடத் தளபாடங்கள்தான் நன்றாக உடுத்தியிருந்தன.

ஒரு வருடத்துக்கு முன் வெளிநாட்டு ஆராய்ச்சிச் சிகிச்சை ஒன்றுக்கு அவனை எடுத்தார்கள். ஒரேயொரு முறை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அதன்பிறகு அந்தச் சத்தை அவனுடைய ஈரலே செய்கிறது. எத்தனை காலத்துக்குச் செய்யும் என்று வைத்தியர்களே அடித்துச் சொல்வதில்லை. விட்டுப்போனால் அதே மருந்தை இரண்டாம் முறை ஏற்றவும் முடியாது. "இனி மெல்ல மெல்ல மற்ற ஆக்கள் மாதிரி இருந்து பாரும்" என்றார் வைத்தியர். அவன் என்னோடு போகப்போகிறான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் காலை ஆறு மணிக்கு முல்லைத்தீவு பஸ் ஏறினேன். பரந்தன் சந்தியில் திரும்பி, விசுவமடு தாண்டி, ஏழேகாலுக்கு உடையார்கட்டில் இறங்கினேன். அங்கிருந்து நிரோஜனோடு ஓட்டோ. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய். பேரம் பேசியதில் இமயமலையே உருகியிருக்கும், ஓட்டோக்காரர் றமீஸ் உருகவில்லை. முல்லைத்தீவுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் மட்டும் என் வயது.

புதுக்குடியிருப்பு தாண்டும்போது நான் பெருமை அடக்கமாட்டாமல், மருமகனுக்கு வைரஸ் ஏற்றி வைத்தியம் செய்த கதையைச் சொல்லிவிட்டேன். ஓட்டோ ஓரமாய் நின்றது.

"வைரஸோ? அண்ணை, நான் மாஸ்க் போடட்டோ?"

"போடுங்கோ, உங்கட முகத்துக்கு நல்லம்" என்றான் நிரோஜன்.

விஞ்ஞான உலகம் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பை உணர்ந்து தொண்டையைச் செருமினேன். "றமீஸ், கள்ளமண் ஏத்துற டிப்பர் தெரியுமே? எந்த ஒழுங்கைக்குள்ளாலையும் பூந்து வீட்டு வாசலுக்கு வந்திடும். வைரஸும் அப்பிடித்தான். டொக்டர்மார் அந்த டிப்பரைப் பிடிச்சு, மண்ணெல்லாத்தையும் கொட்டிப்போட்டு, விதைநெல்லை ஏத்தி, நேரே இவன்ர ஈரலுக்கு அனுப்பியிருக்கினம். விதை இறங்கியிட்டுது. டிப்பருக்கு இனி வேலையில்லை, அது ஒருத்தருக்கும் தொத்தாது."

றமீஸ் யோசித்தார். "அப்ப விளைச்சல் குறைஞ்சா இன்னொரு லோட் அனுப்பேலாதோ?"

"ஏலாது. உடம்பு டிப்பரின்ர நம்பரைக் குறிச்சு வச்சிட்டுது. அடுத்தமுறை செக்பொயின்ரிலேயே மறிச்சுப்போடும்."

"அப்ப இருக்கிற பயிரை வடிவாப் பாக்கவேணும், அண்ணை" என்று சொல்லி ஓட்டோவை எடுத்தார். மாஸ்க் போடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் மணப்பெண்ணை ஏற்றியவர் போல மெதுவாக ஓட்டினார். ஐம்பது கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம்.

நாயாற்றுப் பாலத்தடியில் ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கரையில் வலையை ஏற்கெனவே இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நீளக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி பெஞ்சமின் எங்களைக் கண்டதும் கூவினார்:

"நிண்டு பாக்கிறவைக்கு மீனில்லை! கயித்தில கை வைச்சவைக்கெல்லாம் பங்கு! தம்பி, என்ன, கலியாண வீட்டுக்கோ வந்தனீர்?"

அந்தக் கரையில் அதுதான் வழக்கம். ஊரவரோ வழிப்போக்கரோ, கயிறு பிடித்தவருக்குப் பங்கு உண்டு. பிடித்தால், வலை கரையேறும்வரை விடக்கூடாது.

"அவனுக்கு ஏலாது" என்று சொல்ல என் வாய் பாதி திறந்துவிட்டது. இருபத்துமூன்று வருடமாக அவனுக்காக எல்லோரும் சொல்லிவந்த வசனம் அது. நிரோஜன் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

நான் அவனுக்குப் பின்னால் பாய்ந்து பிடித்தேன். முழுப் பாரத்தையும் நானே தாங்கிவிடுவது என் திட்டம். முதல் இழுப்பிலேயே மணலில் குந்திவிட்டேன். றமீஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். முக்கால் மணித்தியாலம் இழுத்தார்கள். நடுவில் நிரோஜனின் உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் வந்தது. அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். வலை கரைக்கு வந்தபோது கசிவு நின்றிருந்தது. ஆனால் என் பயம் முழங்கைக்குள்தான். அங்கே நடப்பது வெளியில் தெரிய நேரமெடுக்கும்.

சம்மாட்டி ஒரு பை கீரிமீனை அவன் கையில் கொடுத்தார். "உம்மட பங்கு, தம்பி." என்னைப் பார்த்து, "குந்தியிருந்தவருக்கு மணல்தான்" என்றார்.

அக்கா மீனைக் குழம்பு வைத்தா. நடந்ததைக் கேட்டபிறகு எனக்கு வாலை மட்டும் பரிமாறினா.

அடுத்த நாள் காலை அக்காவின் தொலைபேசி. "தம்பி, அவன் கையைத் தூக்கேலாதெண்டுறான்!" பஸ்ஸுக்கு நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் போனேன். புயல் என்னிடம் வழி கேட்டது. நான் போய் இறங்க, நிரோஜன் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ரெண்டு கையும் ஒரே மாதிரி நோகுது. வீக்கமில்லை, சூடில்லை. றமீஸ் அண்ணைக்கும் இப்ப போன் எடுத்துக் கேட்டனான். அவருக்கும் இதே இடத்திலதானாம்."

அக்கா நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே மூட்டுகளை அமத்திப் பார்த்து, இரத்தமும் எடுத்துச் சோதித்தார்கள். "வலை இழுத்த எல்லாருக்கும் வாற நோ" என்றார் வைத்தியர். அக்கா ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, நெஞ்சு நிறைய அழுதா. என் கண்ணிலும் தூசு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரே தூசு.

போக நினைப்பவர்களுக்கு: மாசியிலிருந்து ஆவணிவரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும். காலை ஒன்பது மணிக்குள் கரையில் நில்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் மீனுக்கொரு பையும் கொண்டுபோங்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வைத்தியரைக் கேளாமல் கயிறு பிடிக்க விடாதீர்கள். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் சரிவராது. அந்தவகை வைரஸை முன்பே சந்தித்த உடம்பென்றால் எடுக்கவே மாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் எங்கேயோ ஆய்வுகூடங்களில் குனிந்திருந்ததால் வாய்த்தது. அவர்களுக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம், மணலில் குந்தியபடி.

வலை இழுத்தால் மறுநாள் தோள் நோகும், எண்ணெய் பூசினால் மூன்று நாளில் போகும். நிரோஜன் பூசவில்லை. கொஞ்சம் இருக்கட்டும் என்றான்.