வரவேற்பு மேசையில் சந்தன மெழுகு

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய லகாட்டில் வீரம்மாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் காய்ச்சும் முட்டிவலித் தைலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டுபோட்டு வீடு கட்ட விற்றபோது இந்தப் பக்கம் வந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், யூடியூபைப் பார்த்துத் தைலம் செய்ய ஆரம்பித்தாள்.

முதல் தடவை சொதப்பிவிட்டது. காணொளியில் வந்த வெள்ளைக்காரி சொன்ன அளவுக்கே தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் சேர்த்தாள். அந்தம்மா ஊரில் பனி கொட்டும், அவளுக்கு அது போதும். ஈப்போ வெயிலில் டப்பாவைத் திறந்தால் ரசம் மாதிரி ஆடியது. அதற்கப்புறம் வீரம்மா மெழுகைக் கூட்டினாள். பழைய மைலோ டின்னில் மெழுகைப் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்குவாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து பிரிட்ஜில் வைத்து, உறைந்ததும் நகத்தால் கீறிப் பார்ப்பாள். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்து, ஓரத்தில் மெழுகு உறைந்து மங்கத் தொடங்கும்போதுதான் வாசனை எண்ணெயை ஊற்றுவாள். அவசரப்பட்டு ஊற்றினால் அடுப்படிதான் மணக்கும், டப்பா மணக்காது. ஜாதிக்காய் எண்ணெய் கலந்த அவளுடைய தைலம் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நன்றாகவே போனது.

தங்கை மகள் மாதுமைக்குக் கல்யாணம் வந்தது. அவளுக்குத் தைலம் வேண்டாம். விருந்தாளிகளுக்கு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவதற்குப் பதில், மணிக்கட்டில் லேசாகத் தொட்டுக்கொள்ளும் வாசனை மெழுகை ஆளுக்கொரு சின்ன டப்பாவில் கொடுக்க வேண்டும், சந்தனமும் மல்லிகையும் கலந்து பெரியம்மாதான் செய்ய வேண்டும் என்று வந்து நின்றாள். வீரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காமல் என்ன செய்யும்? தாலி இறங்கியதிலிருந்து வீட்டு விசேஷம் எதிலும் அவள் முன்னால் நின்றதில்லை. வராதே என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். அவள் தங்கை புனிதா, "நீ உள்ள பாத்துக்கக்கா" என்று தேனொழுகச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிடுவாள். நிச்சயதார்த்தத்தன்று வீரம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை. பெண்ணுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. பெற்ற பிள்ளை இல்லாத அவளுக்கு மாதுமைதான் எல்லாம். அந்த நாளின் காயம் அவளுக்கு ஆறவே இல்லை.

இந்த முறையாவது வாசலில் நிற்கலாம் என்று நினைத்தாள். புனிதா அதற்கும் வழி வைத்திருந்தாள். டப்பாவை அக்கா செய்யட்டும், மேசையில் தன் நாத்தனார்கள் நின்று கொடுப்பார்கள் என்றாள். வீரம்மா வழக்கம்போலத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மெழுகை உருக்கும்போதுதான் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கல்யாணத்தன்று அவளுக்குக் கடைசி வரிசையில், மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. அங்கிருந்தே பார்த்தாள், வாசலில் கூத்து தொடங்கிவிட்டது. நம் ஜனங்களுக்கு உருண்டையாக, சின்னதாக ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தால் அது தலைவலி மருந்துதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பத்து காஜா ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் இரண்டு நெற்றிப்பொட்டிலும் அப்பி, மூக்குக்கடியிலும் இழுத்துக்கொண்டார். ஓர் அம்மா சேலையை லேசாகத் தூக்கி முட்டிக்குத் தேய்த்தாள். இன்னொருத்தி கைக்குழந்தையின் வயிற்றில் வாயுவுக்குப் பூசினாள். காரமே இல்லை, இது போலி மருந்து என்று பேச்சும் கிளம்பிவிட்டது. மேசையில் நின்ற நாத்தனார்களுக்கும் விவரம் தெரியாது. அவர்களும் தலைவலிக்கு நல்லது என்றே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. புனிதா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள்.

"அக்கா, வந்து சொல்லிக் குடு லா. மானம் போவுது."

வீரம்மா எழுந்தாள். "வாரேன். ஆனா பின்னால நின்னு சொல்ல மாட்டேன். மேசைக்கு முன்னாலதான் நிப்பேன்."

வாதாட நேரமில்லை. புனிதா தலையாட்டினாள், அதுவும் ஒரு புதுமைதான்.

வீரம்மா மேசைக்கு முன்னால் நின்றாள். விரல் நுனியால் மெழுகை வட்டமாகத் தேய்த்து இளக்கி, வந்தவர்களின் மணிக்கட்டில் தொட்டுவைத்து, கொஞ்சம் பொறுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். உடம்புச் சூட்டில் முதலில் மல்லிகை எழும், சந்தனம் மெதுவாகத்தான் வரும். முகர்ந்தவர்கள் சிரித்தார்கள். பொட்டில் அப்பியிருந்த பெரியவரும் திரும்ப வந்து கையை நீட்டினார். வீரம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாதஸ்வரம் நெருங்கியது. மாப்பிள்ளையின் தாயார் சீர்த்தட்டோடு முன்னால் வந்தார். புனிதா அக்காவின் முழங்கையைப் பிடித்துக் காதோரம் சொன்னாள்.

"இப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. அவங்க உள்ள போனதும் வந்துரலாம்."

பழகிய கால் அல்லவா, சொன்னதும் அரை அடி தானாகவே நகர்ந்துவிட்டது. பிறகுதான் வீரம்மாவுக்குக் கோபம் வந்தது, இத்தனை வருஷக் கோபமும் சேர்ந்து வந்தது. முழங்கையை விடுவித்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றாள். புதிதாக ஒரு டப்பாவைத் திறந்து, மாப்பிள்ளையின் தாயாரிடமே கையை நீட்டச் சொன்னாள்.

அந்த அம்மா சீர்த்தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"நல்லாருக்கே. யாரு செஞ்சது?"

புனிதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வீரம்மா முந்திக்கொண்டாள்.

"நான்தான் செஞ்சேன். பொண்ணுக்குப் பெரியம்மா நான்."