பத்து கிராம் காஸ்டிக் சோடா

எழுபதுகளின் தொடக்கத்தில், வேதியியலில் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காதிருந்த நான், தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கிய டுடோரியலில் ஆசிரியராகச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களுக்கு விஞ்ஞானக் கணக்குகளைப் புரியவைத்தால் சமுதாயம் ஓரங்குலமாவது உயரும் என்பது என் கொள்கை. சமுதாயத்திடம் அதுபற்றி நான் கேட்டிருக்கவில்லை.

அங்கே கணக்கைப் போடும் வழக்கமில்லை, ஒப்பிப்பார்கள். டுடோரியலின் முதல்வரே எழுதி அச்சிட்ட கையேட்டுக் கணக்குகளை, எண்கள், அலகுகள், 'ஆகவே' என்ற சொல் எதையும் விடாமல், வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில் சொல்லும். கோபுரத்திலிருந்து விழும் கல் என்றும் அதே உயரத்திலிருந்துதான் விழவேண்டும். ஒருநாள் நான் உயரத்தை மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கோபுரம் பாடத்தில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

ஏன், எப்படி என்று கேட்டவள் ஒருத்திதான். சாந்தோமில் மாதா கோயிலின் பங்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். விஞ்ஞானத்தில் ஏற்கெனவே தவறியவள். இம்முறை தேறினால் நர்ஸ் பயிற்சியில் சேரலாம்; தவறினால் அதற்கான வயது கடந்துவிடும்.

கையேட்டின் பிழையைக் கண்டுபிடித்தவளும் அவளே. கால் லிட்டர் டெசிநார்மல் கரைசலுக்கு எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பது கணக்கு. நார்மல் கரைசலென்றால் லிட்டருக்கு நாற்பது கிராம். டெசிநார்மல் அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே லிட்டருக்கு நான்கு, கால் லிட்டருக்கு ஒன்று. கையேடோ பத்தால் வகுக்கும் படியை மட்டும் தாண்டிக் குதித்து, 'பத்து கிராம்' என்று இரட்டைக் கோடிட்டு முடித்திருந்தது.

சரியான விடையைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து சைதாப்பேட்டை இளைஞர் ஒருவர் எழுந்தார்.

"இன்னா சார், கைடுல பத்துன்னு கீது, நீ ஒண்ணுன்றே. மிச்சம் ஒம்போது கிராமை யாரு துன்னாங்க?"

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் ஒப்பிப்பு தொடர்ந்தது. பத்து கிராமே வென்றது.

மயிலாப்பூர்க்காரரான முதல்வரிடம் முறையிட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் ஒத்துக்கொண்டதுதான் அதிர்ச்சி.

"தப்புதான், யார் இல்லேன்னா? ஆனா எல்லாரும் பத்துன்னே நெட்டுரு போட்டாச்சு. இப்போ மாத்தினா பத்தும் மறந்துடும், ஒண்ணும் நிக்காது. பேப்பர் திருத்தறவாளும் நம்ம கைடைத்தானே பக்கத்துல வச்சுண்டிருக்கா?"

விளைவுகளை எண்ணிப் பார்ப்பவன் நான் ஒருவனே என்று அதுவரை கர்வம் கொண்டிருந்தேன். அவர் அதை மொத்த வியாபாரமாகவே செய்துவந்தார்.

தேர்வுக்கு முந்தைய மாலை அவள் மாடிப்படியில் நின்று கேட்டாள்: "அந்தக் கணக்கு வந்தா எதை எழுதட்டும் சார்?"

உண்மையின் மதிப்பு, விஞ்ஞானத்தின் நேர்மை, நோயாளிகளின் உயிர் ஆகியவற்றைப் பற்றிப் பேசினேன். பிறகு, ஒரு மதிப்பெண்ணால் ஒரு வாழ்க்கை தடைப்படுவதன் அநீதியைப் பற்றியும் அதே அளவு பேசினேன். பொறுமையாகக் கேட்டு நன்றி சொல்லிவிட்டு, கேட்டபோது இருந்த அதே குழப்பத்தோடு அவள் பேருந்துக்குப் போனாள்.

அந்தக் கணக்கே வந்தது. மயிரிழையில் தேறினாள். பயிற்சியில் சேருமுன் சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

"பத்துன்னுதான் எழுதினேன் சார். வார்டுல ஒண்ணுதான் போடுவேன். பயப்படாதீங்க."

அவளைக் குறித்து நான் பயப்படவில்லை. பொய்யென்று தெரிந்து எழுதியவளின் கையில் மருந்துக் குப்பியைத் தயங்காமல் கொடுக்கலாம். அவளோடு சேர்ந்து மற்றவர்களும் அமோகமாகத் தேறினார்கள். அவர்களில் சிலர் கிண்டித் தொழிற்சாலைகளில் கரைசல் கலக்கும் வேலைக்குப் போனதாகக் கேள்வி. அவர்களும் பத்து என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆனால் மனமார நம்பி எழுதியிருந்தார்கள்.