இரண்டாவது கையெழுத்து

தான் தொடங்காத ஒன்றை ஒருவன் தொடங்கினான் என்று சொல்ல முடியுமா? ஆடிட்டர் அலுவலகத்து டைப்பிஸ்டின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனி தொடங்க இரண்டு பேராவது வேண்டும். வயது வந்தவர்களாக, ஆளுக்கு ஒரு பங்காவது எடுத்து, தம் கையாலேயே ஒப்பமிட வேண்டும் என்பது சட்டம். துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர்களுக்கு ஆடிட்டர் ஒரு வழி வைத்திருந்தார். உள்ளே திரும்பி, "ரெண்டாவது, இங்க வாப்பா" என்பார். டைப்பிஸ்ட் வந்து ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போடுவார். மை காய்வதற்குள், அதே பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்திலும் தேதி இல்லாமல் இன்னொன்று. பிறகு போய், விட்ட இடத்திலிருந்து தட்டுவார். 'ரெண்டாவது' என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது.

"ஊர்ல பாதி கம்பெனி உங்களோடது. நம்ம வீட்டு ஃபேன்தான் சுத்த மாட்டேங்குது" என்பாள் மனைவி.

"அது பதிவு பண்ணாத ஃபேன்" என்பார். வீட்டில் சிரிப்பு அதோடு சரி.

ஒருமுறை தண்ணீர் பம்பு செய்கிற ஒருவர் வந்தார். மனைவி மக்கள் இல்லாதவர். தொடக்கப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டதுமே டைப்பிஸ்டின் தோளில் கை போட்டார்.

"ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர். பட்டறையப் பாக்காம எப்படி? வாங்கண்ணே!"

கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, புதுப் பம்பு ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார். இவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். விட்டுக்கொடுக்கும் பத்திரம் கையெழுத்தாகாமலே கிடந்தது. ஆடிட்டர் மறந்தே போனார்.

பல வருடம் கழித்துப் பம்புக்காரர் இறந்தார். அதற்கு முன்பே பட்டறையைப் பூட்டியாயிற்று. அவருடைய அண்ணன் மகன் கம்பெனியை விற்க வந்தான். வாங்குகிறவருக்கு ஒரு பங்குகூட வெளியார் கையில் இருக்கக் கூடாதாம்.

"வழக்கமா போடறதுதானேப்பா" என்று ஆடிட்டர் பேனாவை நீட்டினார்.

"இதுல போடல சார்."

"என்னய்யா, திடீர்னு முதலாளி ஆயிட்டியா?"

"எவ்வளவு எதிர்பார்க்கிறார்னு கேளுங்க சார்" என்றான் அண்ணன் மகன்.

"ஒண்ணும் வேணாம் தம்பி."

ஆடிட்டரின் முகம் கறுத்தது. "நாளைக்குள்ள போடு. இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே."

வீட்டில் மனைவி அழவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "கூரை ஒழுகற பட்டறை. அதைக் காப்பாத்தி யாருக்கு ஆகப்போகுது? இந்த வயசுல யாரு வேலை தருவா? வாயைத் திறங்களேன்."

அவரைத் தியாகி என்று சொல்ல இடமில்லை. அந்தக் கையெழுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, போடாததால் யாரும் பிழைக்கவும் இல்லை. மறுநாள் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். அலுவலகம் திறந்து, மூடியது. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், மனைவிக்கும்கூட, "போடல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.