வேலியைத் தொடாத பொக்லைன்

என் வீட்டுச் சுவருக்கும் அண்ணனின் வேலிக்கும் நடுவில் ஒரு சந்து. ஐந்தடிகூட இருக்காது. கீழ்வேளூர் பக்கத்தில், அப்பா கொடி பிடித்து, மிராசுதாரோடு மல்லுக்கு நின்று பட்டா வாங்கிய மனை. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அதில் ஒரு சாண் மண்ணுக்காக அடித்துக்கொண்டு பேச்சை விட்டோம். மனைவியும் இறந்த பின் வீட்டில் நான் மட்டும்தான். வாயே திறக்காமல் படுக்கப் போகிற நாட்கள் உண்டு.

கொல்லை வடிகால் தூர்ந்து, ஐப்பசி மழையில் அடுப்படிவரை தண்ணீர் ஏறியது. பின்சுவர் ஊறி விரிசல் விட்டது. இன்னொரு மழைக்குத் தாங்காது. மண்வெட்டிக்கு அடங்குகிற வேலையில்லை, பொக்லைன்தான் வேண்டும். கொல்லைக்குப் போக அந்தச் சந்துதான் வழி; ஊரில் இருந்த வண்டியோ அதில் நுழையாத அளவு பெரியது.

"அண்ணன்கிட்ட சொல்லி வேலிய ஒரு நாளைக்குப் பிரிச்சா தாராளமா போயிரும்ங்க" என்றார் அதை ஓட்டுபவர், டீக்கடையில் நாலு பேர் கேட்க.

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனிடம் போய் நிற்பதற்கு அடுப்படியில் நீச்சல் பழகலாம்.

டேப்பை எடுத்துச் சந்தின் அகலத்தை அளந்தேன். பின்பு திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று அலைந்தேன். ஒரு வண்டி அகலம் சரி, ஆனால் திரும்பும்போது பின்பக்கம் சுவரில் இடிக்கும். இன்னொன்று எங்கும் இடிக்காது, ஆனால் அதன் கை வடிகாலின் ஆழத்துக்கு எட்டாது. கடைசியில் தாராசுரத்தில் ஒன்று அகப்பட்டது. ரப்பர் பட்டையில் ஓடும் குட்டி வண்டி, நின்ற இடத்திலேயே சுற்றும். பெண் பார்த்துவிட்டு வந்தவன்போல் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். யார் தயவும் வேண்டாம்.

வண்டி வந்த காலையில் சந்துக்குப் போனால் வேலியைக் காணோம். டீக்கடைப் பேச்சு அண்ணன் காதுக்கு எட்டியிருக்கிறது. படல்களைப் பிரித்து ஓரமாக அடுக்கிவிட்டு, வேர்வையோடு நின்றுகொண்டிருந்தார். பேச்சு விட்டவர்கள் எங்கள் பக்கம் மூன்றாம் மனிதரிடம்தான் சொல்வார்கள். அவரும் வண்டிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தம்பி, நம்ம பக்கமும் எறங்கி வரலாம். வாழை போனாலும் பரவாயில்ல."

"வேணாம்ங்க, இது சின்ன வண்டி. அப்படியே போயிரும்" என்றார் வண்டிக்காரர்.

அண்ணன் முதல்முறையாக என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். 'நம்ம பக்கம்' என்று அவர் சொன்னதையே நினைத்தபடி, கையிலிருந்த டேப்பை இழுத்து இழுத்து விட்டேன். அதற்குள் வண்டி கிளம்பியது. சுவரிலும் உரசாமல், அவர் மண்ணிலும் படாமல், நான் அளந்தபடியே போயிற்று.

மத்தியானத்துக்குள் வடிகால் வெட்டியாயிற்று. வண்டி போன பிறகு அண்ணன் படல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கட்டத் தொடங்கினார். ஒற்றை ஆளாக, ஒரு கையில் படலைத் தாங்கி, மறு கையில் கயிற்றை இழுத்து, பல்லால் முடிச்சை இறுக்கினார். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, அவர் கடைசிப் படலைக் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.